வீட்டு நில அதிர்வுமானியும் பகிரப்பட்ட பதிவும்: ஷைடு முதல் ஹெயிட்டி வரை (1895–2021)

ஆய்வுச்சுருக்கம்

வீடுகளில் நிறுவப்பட்ட நில அதிர்வுமானிகளின் பதிவுகளை இணையத்தின் வழியே பகிர்வதும் தொலைவிலிருந்து அணுகுவதும் அண்மைக்கால வழக்கங்களாகக் கருதப்படுகின்றன. ஆயினும், உலகின் முதல் பரந்த நில அதிர்வு வலையமைப்பு இங்கிலாந்தில் ஒரு தனிமனிதரின் வீட்டை மையமாகக் கொண்டே இயங்கியது. 1895 முதல் 2021 வரையிலான காலத்தில் நில அதிர்வுப் பதிவுகள் பகிரப்பட்ட முறைகளை இக்கட்டுரை மூன்று கட்டங்களாகப் பகுத்து ஆராய்கிறது. முதற்கட்டத்தில் பதிவிலிருந்து படித்தெடுத்த எண்களும், இரண்டாம் கட்டத்தில் பதிவின் படமும், மூன்றாம் கட்டத்தில் அலைவடிவமும் பகிரப்பட்டன. ஒரு வீட்டுப் பதிவின் அறிவியல் மதிப்பு அது பிறர் சரிபார்க்கத்தக்க வடிவில் அவர்களைச் சென்றடைவதைப் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: நில அதிர்வுமானி, ஜான் மில்ன், கொடைக்கானல், அலைவடிவம், குடிமக்கள் அறிவியல், ஹெயிட்டி.

முன்னுரை

நிலநடுக்கம் ஒன்று நிகழும்போது பல வகை அலைகள் புறப்படுகின்றன. அவற்றுள் விரைந்து செல்வது முதன்மை அலை. அதற்குப் பின்னே வருவது இரண்டாம் அலை. நில ஓட்டின் மேற்பகுதியில் முதன்மை அலை நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டரும், இரண்டாம் அலை ஏறத்தாழ 3.5 கிலோமீட்டரும் செல்வதாகக் கொண்டால், இரண்டின் வருகைக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 8.4 கிலோமீட்டர் தொலைவைக் குறிக்கும். இடைவெளி 10 நொடியாயின் நிலநடுக்கம் ஏறத்தாழ 84 கிலோமீட்டருக்கு அப்பால் நிகழ்ந்துள்ளது எனலாம்.

எனினும், அது எந்தத் திசையில் நிகழ்ந்தது என்பதை ஒரு திசை அசைவை மட்டும் பதியும் எளிய கருவி காட்டாது. அக்கருவியைச் சுற்றி 84 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம் ஒன்றை வரையலாம். அவ்வட்டத்தின் எப்புள்ளியும் நிலநடுக்க மையமாக இருக்கக்கூடும். மற்றொரு நிலையத்தின் வட்டம் சேரும்போது வாய்ப்பு இரு புள்ளிகளாகச் சுருங்கும். மூன்றாவது வட்டம் சேரும்போதே இடம் ஒன்றெனத் தெளியும். ஆகவே பிறர் பதிவைப் பெறுவதும் தம் பதிவைப் பிறர்க்கு அளிப்பதும் இத்துறையில் ஆய்வு முறையின் உள்ளுறுப்புகளாகவே அமைந்துள்ளன. இத்தேவை காலந்தோறும் எவ்வாறு நிறைவேற்றப்பட்டது, அதில் வீடு பெற்ற இடம் யாது என்பனவே இங்கு எழுப்பப்படும் வினாக்கள்.

1. ஷைடு: வலையமைப்பின் மையமான வீடு

தொலைவில் நிகழும் நிலநடுக்கத்தைக் கருவியால் அறியலாம் என்பது 1889 ஏப்ரலில் தற்செயலாகப் புலப்பட்டது. ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஃபான் ரெபோர்–பாஷ்விட்ஸ் பாட்ஸ்டாமிலும் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபெனிலும் நுண்ணிய கிடைநிலை ஊசல்களை நிறுவியிருந்தார். அவற்றில் பதிந்த விளங்காத அசைவொன்றை, ஏறத்தாழ அதே வேளையில் ஜப்பானில் உணரப்பட்ட நிலநடுக்கம் பற்றிய செய்தியோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே நிகழ்வின் விளைவுகள் என அவர் கண்டறிந்தார். அக்கண்டுபிடிப்பே இரு வேறு இடத்துத் தகவல்கள் ஒன்றுசேர்ந்ததால் விளைந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. உலகளாவிய நிலையங்களின் தொகுதி ஒன்று வேண்டும் என 1895இல் முன்மொழிந்த அவர் அவ்வாண்டிலேயே மறைந்தார்.

அவ்வெண்ணத்தைச் செயற்படுத்தியவர் ஜான் மில்ன். லிவர்பூலில் 1850இல் பிறந்த இவர் 1876இல் டோக்கியோவின் பொறியியற் கல்லூரிக்குச் சுரங்கவியல், நிலவியல் பேராசிரியராகச் சென்றார். 1880இல் யோகோஹாமாவைத் தாக்கிய நிலநடுக்கத்தை அடுத்து ஜப்பான் நில அதிர்வியல் கழகம் உருவாவதில் முன்னின்றார். 1895இல் தீவிபத்தில் தம் வீட்டையும் நூல்களையும் இழந்த பின், மனைவி டோனேயுடன் இங்கிலாந்து திரும்பினார். வைட் தீவில் நியூபோர்ட்டுக்கு அருகிலுள்ள ஷைடு என்னும் இடத்தில் குடியேறிய அவர், தம் இல்லத்திலேயே நில அதிர்வு நிலையம் ஒன்றை அமைத்தார். ஜப்பானிலிருந்து வந்த உதவியாளர் ஷினோபு ஹிரோட்டா அங்கு அவருடன் பணியாற்றினார்.

பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு, ஒரே வகையான கருவியைப் பல நாடுகளில் நிறுவும் முயற்சியில் மில்ன் ஈடுபட்டார். காலப்போக்கில் சுமார் 40 நிலையங்கள் அக்கருவியைப் பயன்படுத்தின. அந்நிலையங்களின் அளவீடுகள் அஞ்சல் வழியே திரட்டப்பட்டு, 1900 முதல் 'ஷைடு சுற்றறிக்கைகள்' என்னும் பெயரில் அச்சிடப்பட்டுப் பகிரப்பட்டன.

இச்சுற்றறிக்கைகளில் அதிர்வு தொடங்கிய நேரம், உச்சம் தொட்ட நேரம், அசைவின் அளவு, நீடித்த காலம் ஆகியன அட்டவணைகளாகத் தரப்பட்டன. ஒளிப்படத் தாளில் பதிந்த மூலக் கோடு பெரும்பாலும் அந்தந்த நிலையத்திலேயே தங்கிவிட்டது. உலகைச் சுற்றி வந்தவை அக்கோட்டிலிருந்து ஒருவர் படித்தெடுத்த எண்களே. நிலையத்தார் தொடக்கத்தைத் தவறாகக் குறித்திருந்தால் அத்தவற்றைத் தொலைவிலிருப்பவர் காண வழியில்லை. மில்னின் கருவியில் ஊசலின் தன்னியல்பான ஆட்டத்தை அடக்கும் தணிப்பமைப்பும் இருக்கவில்லை. ஆதலின் முதல் அலையால் ஆடத் தொடங்கிய ஊசல் தொடர்ந்து ஆடிக்கொண்டிருக்க, அடுத்த அலையின் வருகையை அதிலிருந்து பிரித்தறிவது கடினமாயிற்று.

2. கொடைக்கானல்: அரசு நிலையமும் தனியார் இல்லமும்

1897 ஜூன் 12 அன்று அஸ்ஸாமில் நிகழ்ந்த பெருநிலநடுக்கம் இந்தியாவில் கருவிவழிப் பதிவின் தேவையை உணர்த்தியது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஆர். டி. ஓல்டாம் அந்நிலநடுக்கத்தைக் களத்தில் ஆராய்ந்ததோடு, அதன் அலைகள் ஐரோப்பியக் கருவிகளில் பதிந்த விவரங்களையும் திரட்டினார். முதன்மை அலை, இரண்டாம் அலை, மேற்பரப்பு அலை ஆகிய மூன்றையும் தொலைநிலையப் பதிவுகளில் வேறுபடுத்திக் காட்டும் பணிக்கு அத்திரட்டு அடிப்படையாயிற்று. 1906இல் பூமிக்குத் தனி உட்கரு உண்டு என்பதற்கான சான்றையும் அவர் பல நிலையங்களின் பயணநேர அளவீடுகளிலிருந்தே முன்வைத்தார்.

பம்பாயின் கொலாபா, கல்கத்தாவின் அலிப்பூர் ஆகியவற்றோடு தமிழகத்தின் கொடைக்கானலும் இந்தியாவில் மில்ன் கருவியைப் பெற்ற தொடக்ககால நிலையங்களுள் ஒன்றாயிற்று. சூரிய ஆய்வுக்கென அமைந்த கொடைக்கானல் வானாய்வகத்தில் நில அதிர்வுப் பதிவும் இவ்வாறு இடம்பெற்றது. பழனிமலையில் அரசு நிலையம் ஒன்றில் எடுக்கப்பட்ட அளவீடுகள் வைட் தீவிலுள்ள ஒரு தனியார் இல்லத்திற்குச் சென்று அங்கே தொகுக்கப்பட்டன என்பது அக்காலப் பகிர்வின் தனித்தன்மையாகும். வீடும் நிறுவனமும் அப்போது எதிரெதிர் அமைப்புகளாக இருக்கவில்லை.

3. எண்ணிலிருந்து படத்திற்கு

1913 ஜூலையில் மில்ன் மறைந்தார். தொகுப்புப் பணி சில ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு மாறியது. 1918ஆம் ஆண்டின் நிலநடுக்கங்களிலிருந்து தொடங்கி 'பன்னாட்டு நில அதிர்வுத் தொகுப்பு' அங்கு உருவாயிற்று. 1964இல் அதன் வழித்தோன்றலாகப் பன்னாட்டு நில அதிர்வு மையம் அமைந்தது. இவ்வாறு வலையமைப்பின் மையம் வீட்டைவிட்டு நீங்கி நிறுவனத்திற்குச் சென்றது.

அடுத்த பெருமாற்றம் பனிப்போர்ச் சூழலில் நிகழ்ந்தது. நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளை நிலநடுக்கங்களிலிருந்து வேறுபடுத்தி அறியும் தேவை எழுந்தபோது, அமெரிக்கா 1960களில் உலகளாவிய தரப்படுத்தப்பட்ட நில அதிர்வுமானி வலையமைப்பை நிறுவியது. சுமார் 120 நிலையங்களில் ஒரே வகைக் கருவிகளும் துல்லியமான கடிகாரங்களும் வைக்கப்பட்டன. கொடைக்கானலும் அவற்றுள் ஒன்று. நிலையங்களின் பதிவுத்தாள்கள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டுப் படச்சுருளில் நகலெடுக்கப்பட்டன. அந்நகல்களை ஆய்வாளர் எவரும் விலைக்குப் பெற முடிந்தது.

இப்போது பகிரப்பட்டது பதிவின் படம். ஓர் ஆய்வாளர் தம் மேசையில் நூறு நிலையங்களின் கோடுகளைப் பரப்பி, அலையின் வருகையைத் தாமே குறிக்கலாம். பிறர் குறிப்பை ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம். 1960களின் பிற்பகுதியில் நிலத்தட்டுக் கோட்பாட்டுக்குக் கிடைத்த வலுவான நில அதிர்வியல் சான்றுகளுக்கு இப்படத்தொகுதியே பெருந்துணை புரிந்தது. எனினும் இப்பயன் முழுவதும் பல்கலைக்கழகங்களுக்கும் அரசு ஆய்வகங்களுக்கும் உரியதாகவே இருந்தது. வீட்டில் கருவி வைத்திருப்பவர் இவ்வமைப்பில் தம் பதிவைச் சேர்க்க இயலவில்லை.

4. வீட்டுக்கு மீண்ட கருவி

1979 ஜூலையில் 'சயண்டிஃபிக் அமெரிக்கன்' இதழின் தன்னார்வ அறிவியலாளர் பகுதியில், வீட்டில் நில அதிர்வுமானி செய்யும் முறை விளக்கப்பட்டது. ஜேம்ஸ் லேமன் வடிவமைத்த அக்கருவி, தோட்டத்து வாயிற்கதவு போலப் பக்கவாட்டில் அசையும் கிடைநிலை ஊசலாகும். தத்துவத்தில் அது மில்ன் கருவிக்கு நெருங்கிய உறவுடையது. ஒளிப்படத் தாளுக்கு மாறாகக் காந்தமும் கம்பிச்சுருளும் அசைவை மின்னோட்டமாக்கின. மில்ன் கருவியில் இல்லாத தணிப்பும் இதில் சேர்க்கப்பட்டது. அசைவு மின்குறியாக மாறியதே பிற்காலப் பகிர்வுக்கு வாயில் திறந்தது. மின்குறியை எண்களாக்கலாம், எண்களைத் தொலைபேசிக் கம்பியில் அனுப்பலாம்.

1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியை லோமா பிரியேட்டா நிலநடுக்கம் தாக்கியது. அடுத்துவந்த ஆண்டுகளில் அப்பகுதியில் 'பொது நில அதிர்வு வலையமைப்பு' என்னும் தன்னார்வலர் குழு வளர்ந்தது. உறுப்பினர் தம் வீட்டுக் கணினியில் பதிந்த நிலநடுக்கத்தைத் தனிக் கோப்பாக்கி, தொலைபேசி வழி இயங்கும் பொதுக் கணினிக்கு அனுப்பினர். பிறர் அங்கிருந்து அதனை எடுத்துக்கொண்டனர். 1990களில் இணையம் பரவியபோது இப்பரிமாற்றம் கடல்கடந்தது. பதிவதற்கென 'வின்எஸ்டிஆர்', பதிவைத் திறந்து அலைகளின் வருகையைக் குறித்துத் தொலைவைக் கணக்கிடுவதற்கென 'வின்குவேக்' ஆகிய மென்பொருள்கள் அவ்வட்டத்தில் புழங்கின. கல்வி நிலையங்களில் 'அமாசெய்ஸ்' என்னும் மென்பொருள் இத்தகைய பணியைச் செய்தது.

பகிர்வின் மூன்றாம் கட்டம் இதுவே. கோப்பைப் பெறுபவர் அலைவடிவத்தையே பெறுகிறார். அதனைப் பெரிதாக்கலாம், வேண்டாத அதிர்வெண்களை வடிகட்டி நீக்கலாம், தம் பதிவோடு ஒரே காலக்கோட்டில் வைத்து ஒப்பிடலாம். ஆயினும் இம்முறையில் ஒரு குறை இருந்தது. நிலநடுக்கம் என உரிமையாளர் கருதியது மட்டுமே கோப்பானது. அவர் கவனியாத சிற்றதிர்வுகள் பகிரப்படாமலே போயின.

5. தொடர் ஓட்டமும் தொலைநிலை அணுகலும்

நிகழ்வுக் கோப்பைக் கடந்து, இடைவிடாத பதிவையே நிகழ்நேரத்தில் அனுப்பும் முறை தொழில்முறை வலையமைப்புகளில் முதலில் வளர்ந்தது. தரவைச் சிறுசிறு பொதிகளாக்கி அனுப்பும் 'சீட்லிங்க்' நெறிமுறை பாட்ஸ்டாமிலுள்ள ஜெர்மானிய நிலவியல் ஆய்வு மையத்தின் திட்டமொன்றில் உருவானது. தொலைநிலநடுக்கம் முதன்முதலில் அறியப்பட்ட அதே ஊர் இப்பகிர்வு வரலாற்றில் மீண்டும் இடம்பெறுகிறது. அலைவடிவத்தைச் சேமிக்கும் பொது வடிவமாக 'மினிசீட்' நிலைபெற்றது.

2016இல் பனாமாவைச் சேர்ந்த குழுவொன்று மக்களிடம் நிதி திரட்டி 'ராஸ்பெரி ஷேக்' கருவியை வெளியிட்டது. உள்ளங்கையளவுக் கணினிப் பலகையொன்றோடு நில அசைவை உணரும் ஜியோபோனை இணைத்த இக்கருவி, தொழில்முறை நிலையங்கள் கையாளும் அதே வடிவத்திலும் நெறிமுறையிலும் தரவைத் தருகிறது. நொடிக்கு 100 அளவீடுகள் என்னும் வீதத்தில் ஓர் அலைவரிசை ஒரு நாளில் 86,40,000 எண்களை உருவாக்கும். இதனை அனுப்பச் சாதாரண வீட்டு இணைய இணைப்பே போதும். இக்கருவிகளுக்கெனப் பன்னாட்டு நில அதிர்வு வலையமைப்புக் கூட்டமைப்பில் 'ஏஎம்' என்னும் குறியீடும் உண்டு. அதன் பயனாக, வீட்டுக் கருவியின் பதிவை ஆய்வாளர் அரசு நிலையத்தின் பதிவைக் கேட்டுப் பெறும் அதே வழியிலேயே பெற முடிகிறது.

தொலைநிலை அணுகலில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. வீட்டு இணைப்பின் முகவரி அடிக்கடி மாறும். வெளியார் உள்ளே நுழையாதவாறு அதற்குத் தடுப்பும் இருக்கும். ஆதலின், கேட்பவர் ஒவ்வொருவரும் வீட்டுக் கணினிக்குள் வந்து தரவை எடுப்பதைவிட, வீட்டுக் கருவி தானே வெளியிலுள்ள பொது வழங்கிக்குத் தரவை அனுப்புவதே பாதுகாப்பானது. பிறர் அவ்வழங்கியிலிருந்து பெறுவர். ஷைடு இல்லம் அஞ்சல் வழியே ஆற்றிய தொகுப்புப் பணியை இன்று வழங்கி ஆற்றுகிறது எனலாம்.

தொடர் பதிவின் பயன் 2020இல் வெளிப்பட்டது. கொரோனா ஊரடங்கின்போது போக்குவரத்தும் தொழிலும் ஓய்ந்ததால் மனிதச் செயல்களால் எழும் உயர் அதிர்வெண் இரைச்சல் பல இடங்களில் 50 விழுக்காடு வரை குறைந்தது. பெல்ஜியம் அரச வானாய்வகத்தின் தாமஸ் லெகோக் தலைமையில் 117 நாடுகளின் 268 நிலையத் தரவுகளைக் கொண்டு நடத்தப்பட்ட இவ்வாய்வில் வீட்டுக் கருவிகளின் பதிவுகளும் பயன்பட்டன. நிகழ்வுக் கோப்புகள் மட்டும் பகிரப்பட்டிருந்தால் இவ்வாய்வு இயன்றிராது; நிலநடுக்கம் இல்லாத நேரத்தின் பதிவே இங்குச் சான்றாயிற்று.

6. ஹெயிட்டி: வீட்டுக் கருவி சான்றான தருணம்

வீட்டுப் பதிவு எப்போது தவிர்க்கவியலாததாகிறது என்பதற்குக் கரீபியத் தீவு நாடான ஹெயிட்டி விடையளிக்கிறது. 2010 ஜனவரி 12 அன்று 7.0 அளவிலான நிலநடுக்கம் தலைநகர் போர்ட்–ஓ–பிரின்ஸை அழித்தது. பெருந்தொகையான உயிர்களைப் பலிகொண்ட அந்நாளில் ஹெயிட்டியில் தேசிய நில அதிர்வு வலையமைப்பு இருக்கவில்லை. பின்னர் வலையமைப்பு ஒன்று உருவாக்கப்பட்டது. ஆனால் மின்வெட்டு, இணையத் தடை, பராமரிப்பின்மை ஆகியவற்றைத் தாண்டி அதனைத் தொடர்ந்து இயக்குவது கடினமாயிருந்தது.

இந்நிலையில் 2019இல் பிரெஞ்சு நிலவியலாளர் எரிக் கலே உள்ளிட்ட குழுவினர், தன்னார்வலர் வீடுகளில் ராஸ்பெரி ஷேக் கருவிகளை நிறுவத் தொடங்கினர். நில அதிர்வியலும் சமூகவியலும் இணைந்த சோதனையாக அது வடிவமைக்கப்பட்டது. கருவியைத் தம் வீட்டில் ஏற்பவர் அதற்கு மின்சாரமும் இணைப்பும் தருவார். நிலநடுக்கம் பற்றிய அறிவு அவர்வழியே அக்கம்பக்கத்தாருக்குப் பரவுமா என்பதும் ஆராயப்பட்டது.

2021 ஆகஸ்ட் 14 அன்று நாட்டின் தென்மேற்கில் நிப் பகுதியில் 7.2 அளவிலான நிலநடுக்கம் நிகழ்ந்து 2,200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது தேசிய வலையமைப்பின் வழக்கமான கருவிகள் இயங்கவில்லை. பாதுகாப்பற்ற சூழலால் ஆய்வாளர் களத்திற்குச் செல்வதும் அரிதாயிற்று. மையத்திற்கு அருகிலிருந்த வீட்டுக் கருவிகளே முதன்மை நிலநடுக்கத்தின் இயங்குமுறையை விரைந்து அறியவும் பின்னதிர்வுகளைக் கண்காணிக்கவும் தேவையான தரவை நிகழ்நேரத்தில் அளித்தன. பின்னதிர்வுகள் இரு திரள்களாக அமைந்திருந்ததை அவை காட்டின. நிலம் பிளவில் நழுவிய இரு பகுதிகளோடு அத்திரள்கள் பொருந்தின. மையத்திற்கு மிக அருகிலிருந்த ஒரே வீட்டுக் கருவியின் தரவில் இயந்திரக் கற்றலைப் பயன்படுத்தியும், முழு வலையமைப்பின் பட்டியலுக்கு நிகரான துல்லியத்தில் பின்னதிர்வுகளை முன்கணிக்க முடிந்தது. இம்முடிவுகள் 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயின.

7. நம்பகத்தின் வரம்புகள்

இவ்வெற்றியைக் கொண்டு வீட்டுக் கருவி தொழில்முறை நிலையத்திற்கு மாற்று எனக் கொள்ளுதல் பொருந்தாது. முதலாவதாக, காலத் துல்லியம் இன்றியமையாதது. கடிகாரம் ஒரு நொடி பிழைத்தால் முதன்மை அலையின் கணக்கில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் பிழை நேரும். இணைய வழிக் கால ஒத்திசைவு இப்பிழையை வெகுவாகக் குறைக்கிறது; இணைப்பு நெடுநேரம் அறுந்தால் கடிகாரம் மெல்ல விலகும். செயற்கைக்கோள் வழிக் காலம் இதினும் உறுதியானது. இரண்டாவதாக, சிறிய ஜியோபோன்கள் தொலைநிலநடுக்கங்களின் மிக மெதுவான அலைகளுக்குக் கூருணர்வு குறைந்தவை. மையத்திற்கு அருகில் வலுவான அசைவின்போது அவற்றின் பதிவு உச்சவரம்பில் வெட்டுப்படும். ஆதலின் சில மாதிரிகளில் முடுக்கமானிகளும் சேர்க்கப்படுகின்றன. மூன்றாவதாக, காலடி, துணி துவைக்கும் இயந்திரம், தெருவின் வாகனம் என வீட்டின் இயக்கம் முழுவதும் பதிவில் கலக்கிறது.

இம்மூன்றாம் கூறு அறிவியற் குறையாக மட்டும் நில்லாமல் தனியுரிமைச் சிக்கலாகவும் ஆகிறது. வீட்டில் எப்போது நடமாட்டம் உண்டு என்பதை இடைவிடாத பதிவு ஓரளவு காட்டக்கூடும். எனவே பொது வரைபடங்களில் நிலையத்தின் இடத்தைச் சற்றே நகர்த்திக் காட்டும் வழக்கம் தோன்றியது. ஆனால் துல்லியமான கணக்கீட்டுக்குத் துல்லியமான இடம் தேவை. இல்லத்தாரின் மறைவும் ஆய்வின் துல்லியமும் இங்கே ஒன்றையொன்று நெருக்குகின்றன. ஷைடு இல்லத்தின் முகவரியை உலகறியச் செய்த மில்னுக்கு இத்தகைய தயக்கம் தேவைப்படவில்லை; அவர் பகிர்ந்த எண்களில் அவர் வீட்டின் அன்றாடம் இடம்பெறவில்லை.

முடிவுரை

ஷைடு முதல் ஹெயிட்டி வரையிலான இவ்வரலாறு, தன்னார்வலர் தொடங்கியதைத் தொழில்முறையாளர் முடித்தனர் என்னும் ஒருவழிப் பாதையாக அமையவில்லை. மையம் வீட்டிலிருந்து நிறுவனத்திற்குச் சென்றது. கருவி மீண்டும் வீட்டுக்கு வந்தது. இன்று இரண்டும் ஒரே நெறிமுறையில் இணைந்துள்ளன. எண், படம், அலைவடிவம் என்னும் ஒவ்வொரு படியிலும், தொலைவிலிருப்பவர் பிறர் சொல்லை நம்பவேண்டிய அளவு குறைந்து, தாமே சரிபார்க்கும் வாய்ப்பு வளர்ந்துள்ளது. அதற்கு ஈடாக, பகிர்பவர் தம் வீட்டைப் பற்றி வெளியிடும் செய்தியின் அளவும் கூடியுள்ளது.

2010இல் ஹெயிட்டியின் நிலநடுக்கத்தை அறிய வெளிநாட்டு நிலையங்களை நாடவேண்டியிருந்தது. 2021இல் அந்நாட்டு மக்களின் வீடுகளிலிருந்தே சான்று கிடைத்தது. அக்கருவிகள் விலையுயர்ந்தவை அல்ல. மின்வெட்டுக்கும் இணையத் தடைக்கும் அவையும் உட்பட்டவையே. அவற்றின் பதிவுகள் அதிர்வு நிகழும் முன்பே பிறர் அணுகத்தக்க இடத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன என்பதே அவற்றைச் சான்றாக்கியது. ஆகவே, நிலநடுக்க வாய்ப்புள்ள பகுதிகளில் வீட்டு நிலையங்களை ஊக்குவிக்க எண்ணுவோர், கருவியை நிறுவுவதோடு காலத் துல்லியம், பொது வடிவம், தடையற்ற பகிர்வு, இல்லத்தாரின் தனியுரிமை ஆகிய நான்கையும் தொடக்கத்திலேயே திட்டமிடுதல் வேண்டும்.